யாதெனில் அக்காவும் பக்கவாசலும்

பல்கலைக்கழகத்தின் பக்கவாசலுக்கு எதிர்ச்சந்தில் டைப்பிங் கடை வைத்திருப்பவரை மாணவர்கள் நேரில் "அக்கா" என்பார்கள். தலை மறைந்ததும் "யாதெனில் அக்கா" என்பார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் டைப் செய்து கொடுத்த எந்தக் கடிதமும் "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்காமல் இருந்ததில்லை. விடுதியில் மின்விசிறி ஓடவில்லை என்றாலும் யாதெனில்தான், ஆய்வேட்டை முடிக்க அவகாசம் வேண்டும் என்றாலும் யாதெனில்தான். ஒருவன் காதலியிடமிருந்து விலகுவதாக எழுதிக்கொண்டு வந்த கடிதத்தையும் அக்கா அப்படியே தொடங்கினார் என்றும், படித்த பெண் சிரித்துவிட்டதால் காதல் பிழைத்துக்கொண்டது என்றும் விடுதியில் ஒரு கதை உலவுகிறது. அக்கா அதை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

கடை என்பது ஒரே ஓர் அறை. முன்னால் ஜெராக்ஸ் மெஷின். பின்னால் அக்காவின் வீட்டுக்காரர் ஆய்வேடு தைக்கும் பைண்டிங் மேஜை. அதன்மேல் பசை வாளி, துணிச் சுருள், அட்டையில் தங்க எழுத்து பதிக்கும் அச்சு. வீட்டுக்காரர் முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். முட்டி மக்கர் செய்ததும் ஸ்டியரிங்கை விட்டு ஊசிநூலைப் பிடித்தார். மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவில் அக்காவின் கம்ப்யூட்டர். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் சந்தும், சந்தைத் தாண்டிப் பக்கவாசலும், அதையும் தாண்டி நூலகத்துக்குப் போகும் நடைபாதையும் ஒரே நேராகத் தெரியும். நடைபாதையில் வருகிறவரின் கையில் ஃபைல் இருக்கிறதா, வெறுங்கையா என்று பார்த்தே ஜெராக்ஸ் மெஷினைச் சூடாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

பள்ளி இறுதியாண்டில் கணக்குப் பாடம் அக்காவைக் கவிழ்த்துவிட்டது. டைப்பிங் வகுப்பு தூக்கி நிறுத்தியது. இதே பல்கலைக்கழக அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்து, அந்தத் 'தற்காலிக'த்திலேயே கல்யாணம், இரண்டு பிள்ளைப்பேறு எல்லாம் முடிந்தன. சுற்றறிக்கை, நினைவூட்டல், காரணம் கேட்கும் கடிதம் என்று அடித்து அடித்து யாதெனில் அங்கேதான் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. பிறகு மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தது. தட்டச்சர் தேவையில்லை என்று ஆனது. அவரை வேலையிலிருந்து விடுவிக்கும் ஆணையை அடிக்க அன்று அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் அக்காவே உட்கார்ந்து அடித்தார். பிழையில்லாமல் இருந்ததாக மேலாளர் பாராட்டினாராம்.

அதன்பின் சந்தில் கடை. ஆய்வேடுகள் வரத் தொடங்கின. கையெழுத்துப் பிரதியை உள்ளபடியே அடித்துத் தருவது அக்காவுக்கு வராது. "இப்படியேவா குடுக்கப் போறீங்க? நாலு பேர் பாக்க வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே வாக்கியத்தை நிமிர்த்தி, சுருக்கம் நீக்கி, விறைப்பாக நிற்கவைத்துவிடுவார். இதற்கு அவர் வைத்த பெயர் இஸ்திரி. வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்க வந்து, ஆய்வேடு எப்படி இருக்கும் என்று சொல்லக்கூட வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு அந்த இஸ்திரி பெரிய துணை. கருநீல அட்டையில் தங்க எழுத்தில் தன் பெயரும், அதன் முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தும் பதிந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தபடி அந்தக் கடை வாசலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அப்பா பெயர் அட்டையில் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்த நேரத்தில் அக்கா அவர்களோடு பேச்சுக் கொடுக்க மாட்டார். வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

ஒரு பேராசிரியர் மட்டும் ஒருமுறை கடைக்கே வந்து சொன்னார். "உங்க கடையில டைப் பண்ணி வர்ற தீசிஸ் எல்லாத்தையும் படிச்சா, என் துறையில மொத்தப் பேருக்கும் ஒரே மூளையோன்னு சந்தேகமா இருக்கும்மா."

அக்கா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகம் பெரிதாகப் போகிறது, அதற்கு மாஸ்டர் பிளான் போடுகிறார்கள் என்ற செய்தி பக்கவாசலில் ஒட்டிய நோட்டீஸாக வந்தது. உள்ளே இருப்பவர்களும் சுற்றி இருப்பவர்களும் கருத்துச் சொல்லலாம், மாதிரி வடிவம் கலையரங்க முகப்பில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. அக்காவும் வீட்டுக்காரரும் மதியம் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தார்கள்.

பெரிய மேஜைமேல் அட்டையிலும் தெர்மோகோலிலும் செய்த பல்கலைக்கழகம் உட்கார்ந்திருந்தது. பஞ்சில் மரங்கள், நீல பிளாஸ்டிக்கில் குளம், விரல்நுனி உயரத்துக்கு மனிதர்கள். வீட்டுக்காரருக்கு வேலைப்பாடு பிடித்துப்போயிற்று. "ஓரத்தை எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான் பாரு" என்றார். அக்கா நூலகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நடைபாதையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் போய்ச் சுவரில் முட்டியது. பக்கவாசல் இருந்த இடத்தில் வெள்ளை அட்டைச் சுவர் நீளமாகப் போனது. சுவருக்கு வெளியே சந்து இருக்க வேண்டும். அங்கே மேஜை முடிந்திருந்தது.

"நம்ம கடை எங்கம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா மேஜை விளிம்புக்கு வெளியே, அவருடைய வேட்டிக்கு நேராக, வெறும் காற்றைக் காட்டினார். "இங்க."

"நான் நிக்கிற இடமா?"

"ஆமா. மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, தள்ளுங்க."

சுவரில் தொங்கிய விளக்கப் பலகையில் காரணம் இருந்தது. பாதுகாப்பைக் கருதி எல்லாப் போக்குவரத்தும் இனிமேல் முதன்மை வாசல் வழியாக. முதன்மை வாசல் வளாகத்தின் மறுகோடியில், பெரிய சாலையில். அங்கே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் போட்ட காப்பி கடைகள் ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைத் தாண்டி, சுற்றுச்சுவரைச் சுற்றிக்கொண்டு அக்காவைத் தேடி ஒரு பிள்ளை வரும் என்று நினைப்பதற்கு அக்கா ஒன்றும் ஏமாளி இல்லை. பக்கவாசல் போனால் கடை போயிற்று. இந்த வயதில் வேறு கடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சந்து முழுக்க அதே கதிதான். வாசலை ஒட்டி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் பஞ்சர் அண்ணன், அவருக்கு அடுத்த டீக்கடைப் பெரியம்மா, அறை வாடகைக்கு விடுகிறவர்கள், துணி தேய்க்கிறவர், பழைய புத்தகக்காரர். எழுத்து மூலமாகக் கருத்துச் சொல்லலாம் என்றதும் எல்லோரும் அக்கா கடைக்கே வந்து சேர்ந்தார்கள்.

முதலில் பஞ்சர் அண்ணன். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கக்கா. ஐயா, காத்து அடிக்கிறவனைக் காத்து வாங்க வச்சிராதீங்க. கேட்ட மூடுனா பசங்க சைக்கிள தலையிலயா தூக்கிட்டுச் சுத்தி வருவாங்க?"

அக்காவின் விரல்கள் ஓடின. அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி வாயில் அடைக்கப்படுமாயின் மிதிவண்டிப் பயன்பாட்டாளர்கள் பெரும் இடர்ப்பாட்டிற்கு உள்ளாக நேரிடும்" என்று இருந்தது.

"இது நான் சொன்னதாக்கா?"

"நீங்க சொன்னதுதான். இஸ்திரி போட்டிருக்கு."

"அடேயப்பா. நான் இவ்வளவு படிச்சவனா!" அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார்.

பெரியம்மா வேறு மாதிரி. "பரீட்சை சரியா எழுதலன்னு அழுதுக்கிட்டே வெளிய வரும் பாரு பொண்ணுங்க, அதுங்க முதல்ல என் பெஞ்சுலதான் வந்து உக்காருதுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். டீயை வச்சிட்டு நகந்துருவேன். அந்தப் பெரிய கேட்ல யாரு இருக்கா, பெஞ்சு போட?"

அக்கா ஒரு நிமிஷம் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு "மேற்படி வாயில் அடைக்கப்படுமாயின் மாணவியர் நலன் பெரிதும் பாதிக்கப்பட நேரிடும்" என்று அடித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல். பெயரையும் நடுவில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதுதான். மாலைக்குள் சந்தின் கடிதங்கள் எல்லாம் ஒரே அளவு ஓரம் விட்டு, ஒரே எழுத்தில், ஒரே இடத்தில் கையெழுத்தோடு தயாராகிவிட்டன. வீட்டுக்காரர் கட்டாக வைத்து ஓரம் தட்டினார். ஒரு தாள்கூட வெளியே துருத்தவில்லை. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் கலையரங்கத்தில் நடந்தது. சந்து மொத்தமும் முன்கூட்டியே போய் நடுவரிசையைப் பிடித்துக்கொண்டது. திட்டப் பிரிவிலிருந்து வந்த மேடம் மேடையில் நின்று, வந்த கருத்துகளைத் திரையில் பட்டியலாகக் காட்டினார். இளவயது, குரல் பதறாமல் வந்தது. மரங்களை வெட்டக் கூடாது என்று நிறையப் பேர். நூலகம் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அதைவிட நிறையப் பேர். வண்டி நிறுத்துமிடம், குடிநீர், கழிப்பறை. பட்டியலின் அடியில் பக்கவாசல். அதற்கு நேராக எண்: ஒன்று.

பஞ்சர் அண்ணன் எழுந்துவிட்டார். "மேடம், ஒண்ணா? நாங்க இத்தனை பேர் எழுதிப் போட்டிருக்கோம்!"

"வந்துச்சுங்க, எல்லாமே வந்துச்சு." மேடம் ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் தட்டிய அதே கட்டு. "ஆனா எல்லாம் ஒரே கடிதமா இருக்கு. ஒருத்தர் எழுதி மத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கின மாதிரி. அப்படி வர்றத ஒரே கருத்தாத்தான் எண்ணணும்னு விதி. கட்சிக்காரங்க, கம்பெனிக்காரங்க எல்லாம் அச்சடிச்சு மூட்டை மூட்டையா அனுப்பிருவாங்க, அதுக்காக வச்சது. எல்லாமே பாருங்க…" மேலே இருந்த தாளைப் படித்தார். "'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி வாயில்…'"

பின்வரிசையில் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். "யாதெனில் அக்கா!" என்று ஒரு குரல் வந்தது. கேலியில் பாசமும் கலந்துதான் இருந்தது. ஆனாலும் அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா எழுந்து நின்றார். மைக் கைக்கு வந்தது. சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்ததும், "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது…" என்று வந்தது.

இந்த முறை சிரிப்பு முன்வரிசையிலிருந்தும் வந்தது. அக்கா மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

கருத்துத் தெரிவிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அவரவர் சொந்த வார்த்தையில் தரலாம், எழுத வராதவர்கள் அலுவலகத்துக்கு வந்து வாயாலும் சொல்லலாம் என்று மேடம் அறிவித்தார்.

மறுநாள் அக்கா கடை திறந்தும் கம்ப்யூட்டரைப் போடவில்லை. சந்தில் யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பஞ்சர் அண்ணன் வழக்கம்போல டீ கிளாஸோடு வந்து வாசலில் சாய்ந்தார்.

"பெரியம்மா, நாம எல்லாரும் ஒரே ஆளாமே! அப்ப ஒரு டீ போட்டா எல்லாரும் குடிச்ச மாதிரிதானே?"

"உன் வாயில வெந்நிய ஊத்த" என்று கடையிலிருந்தே பெரியம்மா பதில் கொடுத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "என்னாலதானே அண்ணே கெட்டுச்சு. இனி அவங்கவங்க கையால எழுதிக் குடுத்துருங்க."

"அக்கா, என் கையெழுத்தைப் பாத்தா கேட்ட விட்டுட்டு என்னை இழுத்து மூடிருவாங்க. நீங்களே அடிங்க. நான் பேசுறத அப்படியே அடிங்க, அவ்வளவுதான்."

"எனக்கு அது வராது அண்ணே."

பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ஏன் வராது? நான் வர்றேன்." தாளை மடித்து அழுத்துகிற தட்டைக் குச்சியோடு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "சொல்லுப்பா. இவ இஸ்திரிப் பெட்டிய எடுத்தா நான் பாத்துக்கறேன்."

பஞ்சர் அண்ணன் சொல்லத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே அக்காவின் விரல் பணிவுடன் ஆரம்பித்தது. குச்சி நாற்காலி முதுகில் தட்டியது. அக்கா அழித்தார். 'மூடுனா' என்று அவர் சொன்னதை 'மூடப்படின்' என்று அடித்தார். மறுபடி தட்டு.

"ஏங்க, 'மூடுனா'ன்னு எப்படிங்க அடிக்கிறது? படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"மூடுனான்னு நினைப்பாங்க."

"எழுத்துப் பிழைங்க அது!"

"அவன் பிழைதானே? உனக்கென்ன?"

காத்து அடிக்கிறவனைக் காத்து வாங்க வைக்கிற வரி முழுசாகத் திரையில் ஏறியபோது அக்காவுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. பெரியம்மாவின் முறை வந்தது. பெஞ்சும், அழுகிற பெண்களும், ஒன்றும் கேட்காமல் வைக்கிற டீயும் சொன்ன வரிசையிலேயே விழுந்தன. அக்கா அடித்து முடித்துத் தாளை எடுத்து ஒருமுறை படித்தார். "போன தடவை இதெல்லாம் சொன்னீங்களா பெரியம்மா?" என்று கேட்டார்.

"சொன்னேனே. நீதான் நலன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டே."

அந்த வாரம் முழுக்க இதே வேலை. அறை வாடகைக்கு விடுகிறவர் முதலிலிருந்து கடைசிவரை வாடகையைப் பற்றியே பேசினார், அதையும் அடித்தார். பழைய புத்தகக்காரர் பேச்சுவாக்கில் பல்கலைக்கழகத்தைத் திட்டினார். "இதையுமா?" என்று அக்கா திரும்பிப் பார்த்தார். "அதையும்" என்றது குச்சி. சில கடிதம் அரைத் தாள், சில இரண்டு தாள். கட்டாக அடுக்கினால் முழுவதும் துருத்திக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் ஓரம் தட்டப் போனதை அக்காவே தடுத்தார்.

மிச்சம் இருந்தது அக்காவின் கடிதம் மட்டும். முதல் தடவை அவர் தனக்கென்று தனியாக எழுதவே இல்லை; எல்லோருக்கும் எழுதியதில் தன்னுடையதும் அடங்கும் என்று விட்டிருந்தார். இப்போது வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. வந்தால் யாதெனில் வந்தது. வாழ்நாள் முழுக்க ஊராருக்கு எழுதிக் கொடுத்தவருக்குத் தனக்கென்று சொல்ல ஒரு 'மூடுனா' கூடக் கைவசம் இல்லை.

கடைசி நாள் மதியம் அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நான் போய் வாயாலயே சொல்லிட்டு வர்றேன்."

"குச்சி வேணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க."

திட்டப் பிரிவு மாடியில் இருந்தது. மேடம் அக்காவை அடையாளம் கண்டு எழுந்து நாற்காலி போட்டார். கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, நான் பதிவு பண்ணிக்கறேன்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். யாரும் பார்க்காதது அக்காவுக்கு வசதியாக இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்று ஆரம்பித்தார் அக்கா. "கேட்ட மூடிட்டா பிள்ளைங்க வராது. அதுங்க கையில ஃபைலோட வர்றத தூரத்துலயே பாத்து நான் மெஷினப் போடுவேன். அந்தப் பாதையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும் எனக்கு. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார எனக்குத் தெரியாது."

தன் குரலில் தான் இப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

மேடம் அடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் பழக்கத்தில் திரைக்குப் போயிற்று. "பக்கவாயில் அடைக்கப்படுவதால் தமது வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என மனுதாரர் அச்சம் தெரிவிக்கிறார்" என்று இருந்தது.

அக்கா வாக்கியத்தை ஒருமுறை படித்தார். ஒரு பிழையில்லை. ஓரம்கூடச் சரியாக விட்டிருந்தது. அவரே அடித்திருந்தால் இதைவிட நன்றாக அடித்திருக்க முடியாது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் பயமா இருக்குன்னுதான் சொன்னேன்."

"அதான்ம்மா போட்டிருக்கேன், அச்சம்னு."

"அது உங்களோடது. எனக்குப் பயம்தான். நான் சொன்னபடியே அடிங்க. இல்லன்னா மறுபடி எல்லாரும் ஒரே ஆளாயிருவோம்."

மேடம் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அழித்தார். "மெதுவாச் சொல்லுங்க" என்றார். "எனக்கு இப்படி அடிச்சுப் பழக்கமில்ல."

"எனக்கும்தான்" என்றார் அக்கா.

திட்டத்தின் இறுதி வடிவம் சில மாதம் கழித்து வந்தது. பக்கவாசல் மூடப்படாது, ஆனால் குறுக்கப்படும். வண்டிகளுக்கு வழியில்லை, ஆட்கள் நடந்து வரலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரலாம். இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். சந்தில் பாதிப் பேருக்கு இது வெற்றியாகவும் மீதிப் பேருக்குக் கண்துடைப்பாகவும் பட்டது. பஞ்சர் அண்ணன் இரண்டு கட்சியிலும் இருந்தார். கலையரங்க முகப்பில் இருந்த மாதிரியில் வெள்ளைச் சுவரை ஓரிடத்தில் பிளேடால் வெட்டி, ஒரு பஞ்சு மரத்தைத் தள்ளி நட்டிருந்தார்கள். சந்து இப்போதும் மேஜைக்கு வெளியேதான் இருந்தது. வந்த கருத்துகளை எல்லாம் பின்னிணைப்பாக அச்சிட்டிருந்தார்கள். அக்கா அதைக் கையில் பென்சிலோடு படித்தார். 'மூடுனா' வந்த இடத்தில் பென்சில் தானாக இறங்கியது. தாளைத் தொடுமுன் நிறுத்தி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஞ்சர் அண்ணன் வந்தார். "அக்கா, என்ன இருந்தாலும் கேட்ட விட்டு வச்சிருக்காங்க. சந்து சார்பா நன்றின்னு ஒரு லெட்டர் போட்டுறலாம். அப்பத்தான் நாளைக்குப் பூட்டுற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கேக்கலாம்."

"ஆளுக்கு ஒண்ணா?"

"எதுக்கு? நன்றி எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஒரே லெட்டரா அடிங்க, மொத்தப் பேரும் கையெழுத்துப் போடுறோம்."

அக்கா திரும்பிப் பைண்டிங் மேஜையைப் பார்த்தார். வீட்டுக்காரர் குச்சியை எடுக்கவில்லை. பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்து, விரல்களைச் சொடக்கெடுத்து, கீபோர்டைப் பார்க்காமலேயே முதல் வரியை அடித்தார். அது ஒரே மூச்சில் வந்தது.

"தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்…"